கர்ப்பப்பை எடுத்த பின் வரும் அறிக்கை

கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, தையலும் ஆறிவிட்டது, இரத்தப்போக்கும் நின்றுவிட்டது, இனி வைத்தியசாலையில் எமக்கென்ன அலுவல் என்று எமது கிராமங்களில் பல சகோதரிகள் கேட்கின்றார்கள். கேள்வியில் நியாயம் இருக்கின்றது. தோட்டத்து வேலையை விட்டு, ஒரு நாட் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் காசு தேடி, கிளினிக் வாங்கில் அரை நாள் காத்திருந்து, "எல்லாம் சரி, போகலாம்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவர யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்தச் சத்திரசிகிச்சையில் இன்னும் முடியாத பகுதி ஒன்று இருக்கின்றது. எடுத்த கர்ப்பப்பை எங்கே அனுப்பப்பட்டது, அதை யார் சோதித்தார், சோதித்தவர் என்ன எழுதினார் என்பதே அது. இம்முறை பாடத்தில் இதைப் பற்றிப் படிப்போம்.

இது பெண்களின் விஷயம் என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கிளினிக் கொப்பி எங்கே இருக்கின்றது, அடுத்த திகதி எப்போது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதை வாசித்துக் காட்டுவோர், பெண்கள் தனியாக இருந்து கேள்வி கேட்கவும் கொஞ்ச நேரம் ஒதுக்குவது நல்லது.

எல்லோருடையதும் அனுப்பப்படும்

கர்ப்பப்பையை அகற்றுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போய், இரத்தம் குறைந்து, களை பிடுங்கக் குனிந்தால் தலை சுற்றும் நிலை ஒன்று. இதற்குப் பின்னால் அடிக்கடி இருப்பது 'பைபுரொயிட்' எனப்படும் தசைக் கட்டி. பல பிள்ளைகளைப் பெற்று, தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் நெல் மூடையும் தூக்கிக் களைத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை கீழிறங்கிப்போவது இன்னொன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் இரத்தம் காண்பது மூன்றாவது. இதை மட்டும் ஒரு நாளும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோயோ அதற்கு முந்திய மாற்றமோ காணப்படுவதும், பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் நிற்காமல் தாயின் உயிரைக் காக்க அவசரமாக அகற்றுவதும் உண்டு.

காரணம் எதுவாக இருந்தாலும் எடுத்த கர்ப்பப்பை நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட வேண்டும். இது வழமை. ஒருவர் மீது சந்தேகம் வந்ததால் செய்வதன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கின்றது. "லாப்புக்கு அனுப்பியிருக்கு" என்று தாதி சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, தனக்குப் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டி, இரண்டு கிழமையாகச் சோறு இறங்காமல் கிடந்த ஒரு தாயை நாம் கண்டிருக்கின்றோம். அவருடைய அறிக்கையில் சாதாரண தசைக் கட்டி என்றே எழுதியிருந்தது. அனுப்பும்போதே இரண்டு வசனம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு கிழமை வேதனை இல்லை.

எடுத்த அவயவத்தை விற்கின்றார்கள் என்ற கதையும் சில இடங்களில் உலாவுகின்றது. காணாமற்போனவர்களைத் தேடி அலைந்த மக்களிடம் இத்தகைய பயம் எழுவது எமக்கு விளங்குகின்றது. ஆனால் நோயுற்று எடுத்த கர்ப்பப்பையை வாங்க ஆளில்லை. அது எங்கே போகின்றது, அங்கே என்ன நடக்கின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் தானாகக் குறையும்.

ஆய்வுகூடத்தில் நடப்பது

உடம்பில் இருந்து எடுத்த எந்தச் சதையும் வெளியே வந்த நேரத்தில் இருந்து பழுதாகத் தொடங்கும். எமது வெக்கையில் மீன் எவ்வளவு கெதியாகப் பழுதாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே கர்ப்பப்பையைப் 'போர்மலின்' என்ற மருந்து நீரில் போடுவார்கள். இந்த நீர் சதையை இறுக வைத்து, அது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றது. சதையின் அளவைப் போல் பத்து மடங்காவது போர்மலின் இருக்க வேண்டும் என்பது விதி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. போர்மலின் சதைக்குள் ஊறுவது மிக மெதுவாக, மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். கட்டிகள் நிறைந்த பெரிய கர்ப்பப்பையை முழுதாகப் போட்டால் வெளிப்புறம் இறுகி நிற்க உட்புறம் அழுகிவிடும். நாம் பனங்கிழங்கைக் கிழித்துக் காயப்போட்டு ஒடியலாக்குவது ஏன்? கிழிக்காமல் போட்டால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும் என்பதால்தானே. இதே காரணத்துக்காகக் கர்ப்பப்பையையும் பிளந்து விரித்துப் போர்மலினில் ஊறவிடுவார்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டிய உட்படலம் நடுவில் இருப்பதால் இது அவசியம். ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் ஊறும்.

பிறகு அதை எடுத்து நிறுப்பார்கள், அளப்பார்கள். நோயில்லாத கர்ப்பப்பை ஒன்று 7 அல்லது 8 சென்ரிமீற்றர் நீளமும், ஏறக்குறைய 50 முதல் 100 கிராம் நிறையும் இருக்கும். கட்டிகள் வளர்ந்தால் 1 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. வெறுங் கண்ணால் பார்த்து, நிறம் மாறிய இடம், மென்மையான இடம், இரத்தம் கசிந்த இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். இந்தப் பார்வை அனுபவத்தில் வருவது. நெல்லைக் கையில் அள்ளியவுடன் ஈரமா காய்ந்ததா என்று சொல்லும் எமது முதியோரின் கை போன்றது.

முழுக் கர்ப்பப்பையையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க முடியாது. ஆகவே கழுத்தில் இருந்து, உட்படலத்தில் இருந்து, தசைச் சுவரில் இருந்து, ஒவ்வொரு கட்டியிலும் இருந்து, சூலகமும் குழாய்களும் எடுத்திருந்தால் அவற்றிலும் இருந்து, சிறு சிறு துண்டுகள் வெட்டுவார்கள். வயல் மண்ணைச் சோதிக்கக் கொடுக்கும்போது ஒரே மூலையில் அள்ளாமல் பல இடத்தில் மண் எடுக்கின்றோம் அல்லவா? அதுபோலத்தான். வித்தியாசமாகத் தெரிந்த இடத்தில் இருந்து கூடுதலாக எடுப்பார்கள்.

இந்தத் துண்டுகளில் உள்ள நீரை மதுசாரத்தால் அகற்றி, அந்த இடத்தில் உருக்கிய மெழுகை ஏற்றி, மெழுகுக் கட்டியாக இறுக வைப்பார்கள். அந்தக் கட்டியை விசேட கத்தி பூட்டிய இயந்திரத்தால் சீவுவார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 3 முதல் 5 பங்கு, அவ்வளவுதான் ஒரு சீவலின் தடிப்பு. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒன்றுகூட வராது. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போடுவார்கள். முதற் சாயம் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்தில் இருந்து எடுக்கப்படுவது. அது கலங்களின் கருவை நீல நிறமாக்கும். இரண்டாவது சாயம் மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். கலங்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவா, கருக்கள் பெருத்துக் கறுத்து ஒழுங்கு கெட்டு நிற்கின்றனவா என்பது இப்போதுதான் தெரியும்.

பார்ப்பவர் நோயியல் வைத்திய நிபுணர். அவர் இயந்திரம் பார்க்கும் ஊழியர் என்று பலர் நினைக்கின்றார்கள். அவரும் வைத்தியப் படிப்பு முடித்து, பின்னர் இந்தத் துறையில் விசேடமாகப் பயின்றவர். நோயாளி அவரை ஒரு நாளும் காண்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. ஆனால் பின்னர் நடக்கும் வைத்தியம் எல்லாம் அவருடைய ஒப்பத்தில் தங்கியிருக்கின்றது. இத்தனை வேலையும் இருப்பதால் அறிக்கை வரச் சில கிழமைகள் ஆகும். நோயியல் நிபுணர்கள் இல்லாத வைத்தியசாலைகள் மாதிரிகளை வேறு வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் இன்னும் சுணங்கலாம்.

போத்தலை எமது கையில் தந்தால்

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையும் இந்தப் பரிசோதனையும் இலவசம். தனியார் இடங்களில் செய்யும்போது, சிலவேளை போத்தலை உறவினர் கையில் கொடுத்து ஆய்வுகூடம் ஒன்றில் சேர்க்கும்படி சொல்வதுண்டு. வீட்டில் காசு முடிந்த நேரத்தில், "எடுத்ததை இனிச் சோதித்து என்ன" என்று அந்தப் போத்தலைப் புதைத்துவிட்டவர்களும் இருக்கின்றார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். காசில்லை என்றால் வைத்தியரிடமே நேரே சொல்லி, அரச ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வழி உண்டா என்று கேளுங்கள். போத்தல் புதைந்தால் திரும்ப எடுத்துச் சோதிக்க எதுவும் இராது.

கொண்டுபோகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். போத்தலில் நோயாளியின் முழுப்பெயரும் திகதியும் எழுதியிருக்கின்றதா என்று தருகின்ற இடத்திலேயே பாருங்கள். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் போத்தலின் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் மூடிகள் மாறும். உப்புத் தண்ணீரோ சாராயமோ சுடுதண்ணீரோ ஊற்ற வேண்டாம். குளிர்ப்பெட்டியில் உறைய வைக்கவும் வேண்டாம். போர்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். திறந்து பார்க்கக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். துண்டு தருவார்கள். அந்தத் துண்டில் உள்ள இலக்கம் இல்லாமல் அறிக்கையைத் தேடுவது பெரும்பாடு.

அறிக்கையில் வரும் சொற்கள்

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வைத்தியர் விளக்க வேண்டும், அது அவருடைய கடமை. ஆனால் கூட்டம் நெரியும் கிளினிக்கில் அவசரமாகச் சொல்லும் சொற்கள் காதில் நிற்பதில்லை. ஆகவே அடிக்கடி வரும் சொற்களை ஒலிப்படி இங்கே தருகின்றோம். பள்ளிப் பிள்ளை ஒருவரை வாசிக்கச் சொல்லி ஒத்துப்பார்க்கலாம். இதைக் கொண்டு நீங்களே முடிவெடுக்க வேண்டாம், கேள்வி கேட்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

'பினைன்' என்றால் புற்றுநோய் இல்லை. 'மலிக்னன்ற்' என்றால் புற்றுநோய். முதலில் இந்த இரண்டையும் தேடுங்கள். 'லியோமயோமா' என்பது நாம் பைபுரொயிட் என்று சொல்லும் தசைக் கட்டியின் மறுபெயர். 'அடினோமயோசிஸ்' என்றால் உட்படலம் தசைச் சுவருக்குள் புகுந்து வளர்ந்திருக்கின்றது. கடும் வயிற்று நோவும் பெரும் இரத்தப்போக்கும் இதனால் வந்திருக்கலாம், கர்ப்பப்பை எடுத்ததோடு அது தீர்ந்துவிடும். 'குரோனிக் சேர்விசைற்றிஸ்' என்று இருந்தால் கழுத்தில் நாட்பட்ட அழற்சி. பிள்ளை பெற்ற பெண்களின் அறிக்கைகளில் இது மிகச் சாதாரணமாக வரும் சொல், பயப்படத் தேவையில்லை. 'புரொலிபரேற்றிவ்', 'செக்ரிற்றரி', 'அற்றோபிக்' என்பன நோயின் பெயர்களே அல்ல. உட்படலம் மாதத்தின் எந்தக் கட்டத்தில் இருந்தது, அல்லது மாதவிடாய் நின்று மெலிந்திருந்ததா என்பதைச் சொல்பவை.

'ஹைப்பர்பிளேசியா' என்ற சொல் வந்தால் சற்று நின்று கேளுங்கள். உட்படலம் அளவுக்கு மிஞ்சித் தடித்திருக்கின்றது என்று பொருள். அதனுடன் 'ஏற்றிப்பியா' என்ற சொல்லும் இருந்தால் அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. கர்ப்பப்பையை எடுத்ததே அதற்கு வைத்தியமாகின்றது என்றாலும், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். 'சீ.ஐ.என்.' என்ற மூன்று எழுத்தும் 1, 2, 3 என்ற இலக்கமும் கழுத்தைப் பற்றியவை. 2 அல்லது 3 என்றால் கர்ப்பப்பை போன பின்னும் பல வருடங்களுக்கு யோனியின் மேல் நுனியைச் சோதித்துவர வேண்டும், ஏனென்றால் அங்கேயும் அதே மாற்றம் பின்னர் வரக்கூடும்.

'கார்சினோமா', 'சார்கோமா' இரண்டும் புற்றுநோயின் வகைகள். அறிக்கை அத்துடன் நின்றுவிடாது. எவ்வளவு முரடான வகை என்பதை 1, 2, 3 என்று தரம் பிரித்துச் சொல்லும். உட்படலப் புற்றுநோயானால், தசைச் சுவரின் பாதித் தடிப்புக்குள் நிற்கின்றதா, பாதியைத் தாண்டிவிட்டதா, வெட்டிய விளிம்பு சுத்தமா என்பதையும் சொல்லும். கதிர்ச் சிகிச்சை தேவையா, கிளினிக் வந்து போனால் போதுமா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வசனங்களை வைத்துத்தான். நுணுக்குக்காட்டி இல்லாமல் எந்தக் கெட்டிக்கார சத்திரசிகிச்சை நிபுணரும் இதை அறிய முடியாது.

எதிர்பாராமல் வரும் இன்னொரு சொல் 'கிரனுலோமா'. காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதில்லை, கர்ப்பப்பையிலும் ஒளித்திருக்கும். நெருக்கமான முகாம்களில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். இந்தச் சொல் வந்தால் காசநோய்தானா என்று மேலும் சோதிப்பார்கள். காசநோய் என்றால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசமாக மருந்து உண்டு. ஆறு மாதம் விடாமல் எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

என்ன எடுத்தார்கள் என்பதும் அதில் உண்டு

அறிக்கையின் ஆரம்பத்தில் வந்து சேர்ந்த உறுப்புகளின் பட்டியல் இருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் வருங்காலத்துக்கு இதுவே மிகவும் பயன்படும் பகுதி. கர்ப்பப்பையுடன் கழுத்தும் எடுக்கப்பட்டதா? சில சத்திரசிகிச்சைகளில் கழுத்தை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பார்கள். அப்படியானால் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இன்னும் தேவை. இலங்கையில் 'வெல் வுமன் கிளினிக்' 1996 இல் தொடங்கியது. எனக்குத்தான் கர்ப்பப்பை இல்லையே என்று அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடும் பெண்களில் கழுத்து உள்ளவர்களும் இருக்கின்றார்கள்.

சூலகங்கள் எடுக்கப்பட்டனவா என்பது அடுத்தது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டையும் எடுத்திருந்தால், உடம்பு திடீரென்று கொதிப்பதும், நித்திரை கெடுவதும், எலும்பு மெலிவதும் அதனால் வரக்கூடும். நாற்பது வயதில் இப்படித் துன்பப்படும் பெண்ணைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் "மனசுதான் காரணம்" என்று சொல்லிவிடுகின்றார்கள். அறிக்கையில் "இரண்டு சூலகங்கள்" என்று இருந்தால் காரணம் மனதில் இல்லை, வைத்தியம் கேட்க உரிமை உண்டு. ஒன்று எடுத்ததா இரண்டும் எடுத்ததா என்று சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்டு வைப்பது இன்னும் நல்லது.

மகள்மாருக்கும் இதில் பங்கு உண்டு. ஐம்பது வயதுக்கு முன் தாய்க்கு உட்படலப் புற்றுநோய் வந்து, குடும்பத்தில் வேறு எவருக்காவது குடற் புற்றுநோயும் இருந்திருந்தால், அது பரம்பரையாக வரும் வகையாக இருக்கலாம். பிள்ளைகள் தமது வைத்தியரிடம் இதைச் சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ ஒப்பரேசன்" என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் பயனில்லை. கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படுகின்றது. இதைத் தவறவிட வேண்டாம்.

கட்டி என்று தெரிந்த பின்னுமா?

ஸ்கான் பண்ணிப் பைபுரொயிட் என்று சொல்லிவிட்டார்களே, பிறகும் ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லலாம். ஏமி ரீட் என்பவர் பொஸ்ரன் நகரில் மயக்க மருந்து வைத்தியராக இருந்தவர், ஆறு பிள்ளைகளின் தாய். 2013 ஒக்டோபரில், சாதாரண பைபுரொயிட் என்று நம்பிய கட்டிகளுக்காக அவருடைய கர்ப்பப்பை அகற்றப்பட்டது. சிறு துவாரத்தின் ஊடாக வெளியே எடுப்பதற்காக அதை வயிற்றுக்குள்ளேயே இயந்திரத்தால் துண்டு துண்டாக்கினார்கள். பின்னர் ஆய்வுகூடம் அந்தத் துண்டுகளில் தசைச் சார்கோமா என்ற கொடிய புற்றுநோயைக் கண்டது. துண்டாக்கிய இயந்திரம் நோயை வயிற்றுக்குள் பரப்பியிருக்கக்கூடும் என்று சொல்லி அவரும் கணவரும் போராடத் தொடங்கினார்கள். 2014 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த இயந்திரம் குறித்து எச்சரிக்கை விட்டது. பைபுரொயிட்டுக்காகச் சத்திரசிகிச்சை செய்யும் பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்பது அந்த நிர்வாகத்தின் அன்றைய கணிப்பு. ஏமி ரீட் 2017 மே மாதம் காலமானார்.

349 பேருக்கு அந்த நோய் இல்லை என்பதையும் இதில் இருந்து தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஸ்கானால் உறுதியாகச் சொல்ல முடியாது. படித்த வைத்தியருக்கே தெரியாத ஒன்றை ஆய்வுகூடம்தான் சொன்னது.

முகவரி மாறும் குடும்பங்கள்

நிலையான வீட்டில் வாழ்பவருக்கு அறிக்கை கொஞ்சம் சுணங்கினாலும் ஒரு நாள் கைக்கு வரும். எமது வாசகர்களின் நிலை அப்படியல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நகர்ந்தபோது நடந்தவர்கள், 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தவர்கள் எல்லோரும் எத்தனை முகவரியில் வாழ்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். வைத்தியசாலையின் பதிவேட்டில் இருப்பது ஒரே ஒரு முகவரி.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றோம். 2012 இல் அந்தச் சகோதரிக்கு நாற்பத்தொன்பது வயது. பெரும் இரத்தப்போக்குக்காக ஒரு வைத்தியசாலையில் கர்ப்பப்பை எடுத்தார்கள். தையல் காட்டப் போனபோது அறிக்கை இன்னும் வரவில்லை, ஆறு கிழமையால் வரும்படி சொன்னார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடைய சொந்தக் கிராமம் விடுவிக்கப்பட்டது. விதைப்புக் காலம் நெருங்கியிருந்தது. பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். யார்தான் கிளினிக்கை நினைப்பார்கள்? அறிக்கை வந்தது. உட்படலத்தில் புற்றுநோய், தசைச் சுவரின் பாதியைத் தாண்டியது. வைத்தியசாலை கடிதம் போட்டது. அவர்கள் முன்பு தங்கியிருந்த உறவினர் வீட்டு முகவரிக்கு அது போனபோது அந்த உறவினரும் அங்கே இல்லை.

பத்து மாதம் கழித்து மீண்டும் இரத்தம் காணத் தொடங்கியது. வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். முதற் கேள்வியே "அறிக்கை என்ன சொன்னது?" என்பதுதான். கையில் எதுவும் இல்லை. வீட்டுக்கு வரும்போது கொடுத்த நோய் நிர்ணய அட்டையைக் கொட்டிலின் கூரையில் செருகி வைத்திருந்தார்கள், கறையான் தின்றுவிட்டது. சத்திரசிகிச்சைத் திகதியும் நினைவில் இல்லை. மடுத் திருவிழாக் கிழமை என்பது மட்டும் கணவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஓகஸ்ட் மாதத்துச் சத்திரசிகிச்சைக் கூடப் பதிவேட்டைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, ஆய்வுகூட இலக்கத்தைத் தேடி எடுக்க மேலும் மூன்று கிழமை சென்றது. பிறகு மகரகமவுக்குக் கதிர்ச் சிகிச்சைக்குப் போனார். சத்திரசிகிச்சை முடிந்த கையோடு இதைக் கொடுத்திருந்தால் நோய் அதே இடத்தில் திரும்பி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்று அங்குள்ள வைத்தியர் குடும்பத்துக்கு விளக்கினார். 2016 இல் அவர் இறந்துபோனார். மூத்த மகள் இப்போது எமது மாதர் சங்கத்தில் கிளினிக் கொப்பிகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கின்றார்.

உறுதிப் பையில் ஓர் இடம்

ஓடும்போது கையில் எடுக்கும் பை ஒன்று எமது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். நோய் நிர்ணய அட்டையும் ஆய்வுகூட அறிக்கையும் அதே பைக்குள் போக வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும், வெளியூரில் உள்ள பிள்ளைக்கு அந்தப் படத்தை அனுப்பி வைப்பதும் இன்னொரு பாதுகாப்பு.

வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளில், துண்டு வெட்டி அனுப்புவதற்கு முன், தாதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்னுடையதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியாயிற்றா? அறிக்கையை எப்போது, எந்தக் கிளினிக்கில் கேட்க வேண்டும்? என்னுடைய பி.எச்.ரி. இலக்கம் என்ன? பி.எச்.ரி. என்பது விடுதியில் உங்கள் கட்டிலுக்கு உரிய பதிவுத் தாளின் இலக்கம். அதை வைத்தே எல்லாப் பதிவுகளும் தேடப்படும். நோய் நிர்ணய அட்டையில் 'ஹிஸ்டோலொஜி' என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் இருந்தால் அறிக்கை இன்னும் வரவில்லை என்று கருதுங்கள். செய்தி வராததை "ஒன்றும் இல்லை" என்று எடுக்க வேண்டாம்.

இடம் மாறுகின்றீர்கள் என்றால் புதிய முகவரியைக் கிளினிக்கிலும், ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். புதிய ஊரில் உள்ள குடும்பநல உத்தியோகத்தரிடமும் போய், அறிக்கை வர இருக்கின்றது என்று சொல்லி வையுங்கள். பழைய அறிக்கையைத் தேடுபவர்களும் மனம் தளர வேண்டாம். மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வுகூடங்கள் பல வருடம் பத்திரப்படுத்துவது வழக்கம். தேவைப்பட்டால் புற்றுநோய் வைத்தியசாலை அவற்றை வரவழைத்து மீண்டும் பார்க்கும்.

அறிக்கையைக் கேட்பது யாரையும் குறை சொல்வதாகாது. பெரும்பாலும் வாய்ச் சொல்லில் கேட்டாலே பிரதி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அரச வைத்தியசாலையானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் கீழுள்ளது போல ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள்.

வைத்திய அத்தியட்சகர் அவர்களுக்கு,
……………… வைத்தியசாலை.

ஐயா / அம்மணி,

நான் ……… ஆம் ஆண்டு ……… மாதம் ……… ஆம் திகதி உங்கள் வைத்தியசாலையின் ……… ஆம் இலக்க விடுதியில் இருந்து கர்ப்பப்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். எனது பி.எச்.ரி. இலக்கம் ………. அடையாள அட்டை இலக்கம் ………. சத்திரசிகிச்சையில் எடுக்கப்பட்ட உறுப்புகளின் ஆய்வுகூட அறிக்கை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதன் பிரதி ஒன்றைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். அன்று நான் கொடுத்த முகவரி ………………. இப்போதைய முகவரி ………………. தொலைபேசி இலக்கம் ………………. அறிக்கையில் உடனே கவனிக்க வேண்டியது ஏதும் இருந்தால் இந்த இலக்கத்துக்கு அறிவிக்கவும்.

இப்படிக்கு,
………………

கையொப்பம் இட முடியாதவர்கள் பெருவிரல் அடையாளம் இடலாம். நேரில் போக முடியாமல் கணவரோ மகளோ போவதாக இருந்தால், அவருக்கு அதிகாரம் தருவதாக ஒரு வரி சேர்த்து, உங்கள் அடையாள அட்டையின் பிரதியையும் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் ஒப்பமும் திகதியும் வாங்கி அதையும் பைக்குள் வையுங்கள்.